ஆலைக்குள் ஒரு சேரி: வேலையிடச் சாதியின் வரலாற்றிலிருந்து



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்து மாலை போட்டுவிட்டுக் கலைந்து போவது என்ற வழக்கம் நம்மிடம் இல்லை. வரலாற்றில் ஏற்கெனவே தீர்ப்பெழுதி மூடப்பட்ட ஏதாவது ஒரு வழக்கைத் திறந்து பார்ப்பதே நாம் செலுத்தும் அஞ்சலி. இந்த ஆண்டு நாம் திறப்பது ஒரு வசைச்சொல்லை: கருங்காலி.

கருங்காலிக் கட்டை கோடாலிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டும் என்ற உவமையிலிருந்து வந்த சொல் இது. வேலைநிறுத்தத்தின்போது ஆலைக்குள் போகிறவனைத் தமிழ்த் தொழிற்சங்க மேடைகள் இப்படித்தான் அழைத்தன. 1921-ல் சென்னை பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில், அதாவது நம் பாட்டன்கள் சொன்ன பின்னி மில்லில், வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் மீது இந்தச் சொல் விழுந்தது. நூறாண்டுக்கு மேலாகியும் அது இன்னும் முழுதாகக் கழன்று விழவில்லை. அவர்கள் ஏன் உள்ளே போனார்கள் என்று கேட்டவர்களைவிட, போனார்கள் என்று எழுதியவர்களே அதிகம்.

அந்தக் கேள்விக்குப் போகும் முன் நாம் பம்பாய்க்குப் போக வேண்டியிருக்கிறது. வேலையிடத்துக்குள் சாதி எப்படி இயங்கியது என்பதை அங்கிருந்த ஒரு சிறு பொருள் காட்டிக்கொடுக்கிறது. அது நெசவுத் தறியின் நாடா.

விசைத்தறியில் பாவு நூல்களுக்கு நடுவே ஊடை நூலை இழுத்துக்கொண்டு இடமும் வலமுமாக ஓடுவது நாடா. அதன் வயிற்றுக்குள் நூல் சுற்றிய தார் இருக்கும். தார் தீர்ந்ததும் நெசவாளர் தறியை நிறுத்தி, புதுத் தாரைப் போட்டு, அதன் நூல் முனையை நாடாவின் பக்கத்திலிருக்கும் சிறு துளை வழியே வெளியே கொண்டுவர வேண்டும். விரலால் கோர்க்க நேரமாகும். துளையில் வாயை வைத்து ஒரு முறை உறிஞ்சினால் நூல் வந்துவிடும். செய்த வேலைக்கு ஏற்பக் கூலி என்கிற இடத்தில் யார் விரலால் கோர்த்துக்கொண்டிருப்பார்கள்? ஒரு நாளில் எத்தனையோ முறை இது நடக்கும். ஒரே நாடா பல கைகளுக்கும் பல வாய்களுக்கும் போகும்.

இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளிலும் இதே பழக்கம் இருந்தது. அங்கே அதை நோய் பரப்பும் வழக்கம் என்று பேசினார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-லேயே சட்டம் போட்டு அதைத் தடுத்தது. வாய் வைக்காமல் நூல் கோர்க்கும் நாடாக்களும் வந்தன. பம்பாயில் இதே பழக்கத்துக்கு வேறொரு தீர்வு கண்டார்கள். எச்சில் படும் என்பதால் தீண்டத்தகாதவர்கள் நெசவுப் பகுதிக்கே வரக்கூடாது என்றார்கள். நாடாவை மாற்றாமல் ஆளை விலக்கினார்கள்.

இது எழுதிவைத்த விதி அல்ல. எந்த ஆலையின் வாசலிலும் அப்படியொரு பலகை தொங்கவில்லை. மகர்களும் பிற ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஆயிரக்கணக்கில் அந்த ஆலைகளில் வேலை செய்தார்கள். நூற்புப் பகுதியில் ரிங் ஃபிரேம்களில் நின்றார்கள், பாபின் மாற்றினார்கள், பெருக்கினார்கள், சுமந்தார்கள். ஆலைக்குள் வருவதற்குத் தடை இல்லை. நல்ல கூலி கிடைக்கும் பகுதிக்குள் போவதற்குத்தான் தடை. நெசவாளியின் கூலி நூற்புத் தொழிலாளியின் கூலியைவிட உயர்ந்தது. நெசவுப் பகுதியில் மராத்தியர்களும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்துத் தறிகளில் நின்றார்கள். மத எல்லையைக்கூடச் சகித்துக்கொண்ட எச்சில், மகரிடம் வந்ததும் தீட்டானது. தூய்மை பற்றிய நம்பிக்கை மட்டும்தான் இதற்குக் காரணம் என்று நாம் நம்பத் தயாராக இல்லை. ஒரு நல்ல வேலையைச் சுற்றி வேலி போட எச்சில் வசதியாக இருந்தது.

வேலி நிலைத்து நின்றதற்கு ஆள் எடுக்கும் முறையும் காரணம். முதலாளி நேரடியாக ஆள் எடுப்பதில்லை. எடுப்பவர் ஜாபர், நம் ஊர் ஆலைகளின் வழக்கில் மேஸ்திரி. அவர் தன் ஊரிலிருந்தும் தன் சாதியிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவருவார், கடன் கொடுப்பார், விடுப்பு கொடுப்பார், வேலையை விட்டும் நீக்குவார். ஆகவே பாகுபாடு செய்தது யார் என்று கேட்டால் நிர்வாகம் மேஸ்திரியைக் காட்டும், மேஸ்திரி தொழிலாளர்களைக் காட்டுவார், தொழிலாளர்கள் பரம்பரை வழக்கத்தைக் காட்டுவார்கள். இன்று மனிதவளத் துறை என்ற பெயரில் இருக்கும் அலுவலகங்களோடு வழக்கடித்த நண்பர்களுக்கு இந்தச் சுற்று பழக்கமானதாக இருக்கும்.

1928 ஏப்ரலில் பம்பாயில் மாபெரும் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. அக்டோபர் வரை நீடித்தது. கம்யூனிஸ்டுகள் முன்னணியில் நின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியல் நீளமானது. நெசவுப் பகுதியின் அந்தக் கதவு மட்டும் அதில் இல்லை. அம்பேத்கர் அங்கேதான் தலையிட்டார். எல்லாப் பகுதிகளிலும் வேலை செய்யும் உரிமை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உண்டு என்பதைக் கோரிக்கையாகச் சேர்க்காவிட்டால், எங்கள் மக்களை இந்த வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்ள வேண்டாம் என்று சொல்லுவேன் என்றார். தலைவர்கள் மிகவும் தயங்கித்தான் அதைச் சேர்த்தார்கள். அந்தக் கோரிக்கை மேசைக்குப் போனதும் முதலாளிகள் சொன்ன பதிலைப் பின்னர் அம்பேத்கரே நினைவுகூர்ந்திருக்கிறார். இது அநீதிதான் என்றால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அவர்கள் கைவிரித்தார்கள்.

முதலாளி வர்க்கத்தின் வாயிலிருந்து இப்படியொரு உண்மை எப்போதாவதுதான் வரும். அது அரை உண்மைதான். லாபம் அவர்களுக்குப் போனது, வேலியும் அவர்கள் ஆலைக்குள்தான் நின்றது. ஆனால் மறு பாதியை நாமும் மறுக்க முடியாது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற கைகளில் தொழிலாளியின் கைகளும் இருந்தன. சாதி என்பது உழைப்பைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, உழைப்பாளர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று 1936-ல் அம்பேத்கர் எழுதினார். எட்டு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பேச்சுவார்த்தை மேசையில் அவர் பட்டறிந்த பாடமும் அதற்குள் இருக்கிறது என்பது நம் வாசிப்பு.

கோரிக்கை பட்டியலில் ஏறியதால் நெசவுக்கூடம் உடனே திறந்துவிடவில்லை. 1929-ல் அடுத்த பொது வேலைநிறுத்தம் வந்தபோது அம்பேத்கர் அதை எதிர்த்தார். மாதக்கணக்கில் பட்டினி கிடந்து கடனில் மூழ்கிய மக்களை மறுபடி தெருவில் நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை. அப்போது அவர் மீதும் விழுந்தது நாம் தொடக்கத்தில் சொன்ன அதே பழிதான்.

இப்போது சென்னைக்குத் திரும்பலாம்.

1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது இதைத்தான். பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் முதலியோர் அதன் தலைவர்கள். 1920 அக்டோபரில் பக்கிங்காம் ஆலை கதவடைக்கப்பட்டு 1921 ஜனவரி வரை மூடிக் கிடந்தது. எல்லாச் சாதியினரின் கூலியும் நின்றது. அந்தக் கடன் அடைபடும் முன்னரே, அதே ஆண்டு மே மாதம் கர்நாடிக் ஆலையிலும் ஜூனில் பக்கிங்காம் ஆலையிலும் வேலைநிறுத்தம் மறுபடி வந்தது.

இந்த இரண்டாவது போராட்டத்தில்தான் பிளவு. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். அப்போது அவர் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினர், நீதிக்கட்சியோடு சேர்ந்து நின்றவர். ஆலை நிர்வாகமும் வெள்ளை அரசும் இந்தப் பிளவைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டன. அதை மறைப்பதற்கு நமக்கு எந்தத் தேவையும் இல்லை. அரசு ஆதிதிராவிடர் மீது கொண்ட பரிவுக்கு ஆலைச் சக்கரம் ஓடவேண்டும் என்பதும் காரணம்.

ஆனால் பட்டினியின் நாள்கணக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. கிராமத்தில் கொஞ்சம் நிலமும் உறவும் உள்ளவர் ஊருக்குப் போய் நெல் மூட்டையோடு திரும்பலாம். சாதிக்காரரின் மளிகைக் கடையில் கணக்கு வைக்கலாம். செங்கல்பட்டு, வட ஆர்க்காடு சேரிகளிலிருந்து பண்ணையடிமைத்தனத்தை விட்டு ஓடிவந்து ஆலைக்கூலி ஒன்றையே பிடிமானமாகக் கொண்ட குடும்பத்துக்குத் திரும்பிப்போக எது இருந்தது? பண்ணையாரின் வாசல்தான் இருந்தது. சாதி இந்துத் தொழிலாளிக்கு வேலைநிறுத்தம் கூலிப் பேரத்தின் ஒரு கட்டம். ஆதிதிராவிடருக்கோ அதில் தோற்றால் கிராமத்துக்கே திரும்ப வேண்டிவரும் என்ற அச்சம். ஒரே தொகைக் கூலியை இழந்த இருவரும் ஒரே அளவு இழந்தார்கள் என்று கணக்குப் போடும் வர்க்க ஒற்றுமை, ஏழையில் ஏழையிடமே அதிக விலை வாங்கிக்கொண்டது.

ஜூன் இறுதியில் புளியந்தோப்பு எரிந்தது. மோதலில் இரு தரப்பும் இறங்கின. ஆனால் தீ வைக்கப்பட்டது சேரிக் குடிசைகளுக்கு. வீடிழந்த மக்களை அரசு முகாம்களில் தங்கவைத்தது. ஆகஸ்டில் போலீஸ் சுட்டது, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தச் சாவுகளும் நம் துக்கம்தான், இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அக்டோபரில் போராட்டம் தோல்வியில் முடிந்தது. ஆதிதிராவிடர்களுக்கு அரசு இடம் கொடுத்துக் கெடுத்துவிட்டது, அவர்களை நகரத்தை விட்டே வெளியே குடியேற்ற வேண்டும் என்ற குரல் நீதிக்கட்சித் தலைமையிலிருந்தே எழுந்தது. தியாகராயச் செட்டியார் அந்தக் குரலின் முன்னணியில் இருந்தார். 1923-ல் எம்.சி. ராஜா கட்சியை விட்டு வெளியேறியதன் பின்னணியில் இந்தக் காயம் இருக்கிறது.

இதே 1921 செப்டம்பரில்தான் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி அரசாணையைப் பிறப்பித்தது. சமூகநீதி வரலாற்றின் பெருமைக்குரிய நாளாக அதை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். அந்த மாதத்தில் பெரம்பூர்ப் பகுதியின் நிலைமை என்ன என்பதையும் பக்கத்தில் எழுதிவைத்தால் போதும். அரசாணை 12 இடச் சுழற்சியாக நடைமுறைக்கு வந்தபோது பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறித்தவர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. அதுவும் அரசு வேலைக்குத்தான். ஆலையின் கதவு அந்த ஆணையின் எல்லைக்குள் வரவில்லை.

பம்பாயையும் சென்னையையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. இரண்டு ஊரிலும் சாதி இருந்தது, பிளவு இருந்தது, நிர்வாகத்தின் தந்திரம் இருந்தது. பம்பாயில் ஒடுக்கப்பட்டோரின் நிபந்தனை பட்டியலில் ஒரு வரியாக ஏறியது, அந்த ஆண்டு அவர்கள் போராட்டத்தோடு நின்றார்கள். சென்னையில் அப்படியொரு வரி ஏறவில்லை. ஒரு வரி இருந்திருந்தால் புளியந்தோப்பு எரிந்திருக்காது என்று நாம் சொல்ல வரவில்லை, அது மிகை. உள்ளே போனவர்களைத் துரோகி என்று அழைக்கும் முன், வெளியே நின்றவர்கள் அவர்களுக்கு எதைத் தருவதாகச் சொன்னார்கள் என்று கேட்க வேண்டும். நமது வழக்கு அவ்வளவுதான்.

1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாடு நடந்தது. தொழிலாளிக்குப் பார்ப்பனியமும் முதலாளித்துவமும் ஆகிய இரண்டு எதிரிகள் என்று அம்பேத்கர் சொன்னதாக எல்லோரும் மேற்கோள் காட்டுவது அங்கே ஆற்றிய உரையைத்தான். அந்த வரியைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம். அதே உரையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ரயில்வேயில் நம் ஆட்கள் தண்டவாளத்தில் கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேனாகவே ஓய்வு பெறுகிறார்கள், ஸ்டேஷனில் போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பதில்லை என்றார். காரணம் என்ன? போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார். வீட்டுக்குள் விட முடியாதவரைப் போர்ட்டராக எடுக்க மாட்டார். அரசாங்க வேலையின் தகுதியை ஓர் அதிகாரியின் சமையலறை தீர்மானித்தது. பணி விதிகளில் எங்கே தேடினாலும் அது அகப்படாது.

அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, தொழிற்தகராறு மசோதாவை எதிர்த்து அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து ஒரு நாள் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். 1929-ல் வேலைநிறுத்தத்தை எதிர்த்த மனிதர் 1938-ல் அதற்குத் தலைமை தாங்கினார். வேலைநிறுத்தத்துக்கே எதிரானவர் என்று அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் இந்தத் தேதியைத் தாண்டிக் குதித்துப் போகிறார்கள்.

1942 ஜூலையில் அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அக்டோபரிலேயே பட்டியல் சாதியினரின் குறைகளை விரிவான மனுவாக வைஸ்ராயிடம் கொடுத்தார். பணியிடங்களில் பங்கும் கேட்டார், அரசு ஒப்பந்தங்களில் பங்கும் கேட்டார். 1943 ஆகஸ்டில் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8⅓ விழுக்காடு இடஒதுக்கீடு ஆணையானது. பன்னிரண்டில் ஒன்று என்ற அதே கணக்கு. 1946-ல் அது 12½ ஆனது. பிறகு அரசமைப்பின் 16ஆவது கூறு வந்தது. இந்த வரலாறு நம் மாணவர்களுக்குத் தெரிந்ததுதான், விரிக்கவில்லை.

நாம் விரிக்க வேண்டியது அந்தக் கூறு தொடாத இடத்தை. 16ஆவது கூறு அரசு வேலையைப் பற்றியது. இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் போகப்போவது தனியார் வேலைக்கு. அங்கே சட்டமே இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். 1955-ன் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, தீண்டாமையின் பேரால் தொழிலிலும் வணிகத்திலும் தடை விதிப்பதைக் குற்றமாக்குகிறது. 1976 திருத்தத்தில் எந்த வேலையிலும் அமர்த்தப்படுவது என்பதும் அதில் சேர்க்கப்பட்டது. இந்த வரியை வைத்து ஒரு தனியார் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டவரை நம் வட்டாரத்தில் நாம் சந்தித்ததில்லை. நேர்காணல் அறையில் யாரும் சாதிப் பெயரைச் சொல்லி விரட்டுவதில்லை. அழைப்பே வராது, அவ்வளவுதான். வராத அழைப்புக்கு எப்படிச் சாட்சி கொண்டுவருவது?

அதற்கும் ஒரு வழி கண்டார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4808 விண்ணப்பங்கள் போனார்கள் என்றல்ல, போட்டார்கள். ஒத்த கல்வித் தகுதி, பெயர் மட்டும் வேறு. பெயரிலிருந்தே உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம் என்று ஊகித்துவிடலாம். அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் உயர்சாதிப் பெயருக்கு 1 என்றால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. திறமை, தகுதி என்று நம் காதில் ஓதப்படும் சொற்களுக்கு அந்த மூன்று எண்கள் போதும். அந்த விண்ணப்பங்களில் தகுதியைச் சரிசமமாக வைத்துவிட்டுத்தான் பெயரை மாற்றினார்கள்.

பெரிய நிறுவனங்களில் இப்போது பன்மைத்துவக் கொள்கை என்று ஓர் ஆவணம் இருக்கிறது. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பால்புதுமையினர் எல்லோரும் அதில் இடம்பெறுகிறார்கள். நல்லது, அந்த இடங்களும் போராடிப் பெற்றவைதான். இந்தியாவில் இயங்கும் நிறுவனத்தின் ஆவணத்தில் சாதி என்ற சொல் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் நிறம், மதம், நாடு என்ற வரிசையில் ஒரு சொல்லாகப் போய்விடும். கடல் கடந்து அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதியைப் பாகுபாட்டுத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் அக்டோபரில் நிராகரித்தார். ஏற்கெனவே உள்ள சட்டங்களே போதும் என்பது அவர் சொன்ன காரணம். இருக்கிற சட்டம் போதும் என்ற பதிலை நாம் தமிழில் நிறையக் கேட்டிருக்கிறோம்.

அரசு வேலை என்ற கோட்டையும் உள்ளிருந்தே கரைகிறது. பணியிடங்களை ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டால் இடஒதுக்கீட்டை ரத்து செய்யவேண்டிய அவசியமே இல்லை. இதில் ஒரு விசித்திரம் உண்டு. துப்புரவு வேலையில் நம் மக்களுக்கு யாரும் ஒதுக்கீடு கேட்கவில்லை, அங்கே மட்டும் ஏறத்தாழ முழுதும் நம்மவர்களாகவே இருக்கிறோம். அந்த வேலையிலும் நிரந்தரம், ஓய்வூதியம் என்ற பேச்சு வரும் வேளையில்தான் ஒப்பந்தக்காரர் உள்ளே வருகிறார். நாடாவின் கதை இங்கே தலைகீழாக நடக்கிறது. அன்று நல்ல வேலைக்குள் நாம் போக முடியவில்லை. இன்று நாம் இருக்கும் வேலை நல்ல வேலையாக மாறும் வாய்ப்பு தட்டிப் பறிக்கப்படுகிறது.

2025 ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து சென்னை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள். 13 ஆம் தேதி நள்ளிரவில் அவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். தனியாருக்குப் போன மண்டலங்கள் இரண்டு. ஒன்று ராயபுரம். மற்றொன்று, 1921-ல் எரிந்த புளியந்தோப்பைத் தன்னுள் கொண்டிருக்கும் திரு.வி.க. நகர். அந்தப் பெண்களின் பந்தலுக்கு ஆதரவு சொல்லப் பல சங்கங்களின் தலைவர்கள் வந்தார்கள், நாமும் போனோம். தத்தம் சங்கத்தின் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இந்தக் கோரிக்கை எத்தனையாவது வரியில் இருக்கும் என்று அவர்களிடம் கேட்கும் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது.